சூப்பாவில் எரிந்த பத்திரங்கள்

புனேவுக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்மூர்ப் பையன் யாராவது கதவைத் தட்டினால் ஒன்று வாடகை வீட்டு அட்வான்ஸ் தகராறாக இருக்கும், இல்லாவிட்டால் ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைக்காத சோகமாக இருக்கும். போன மாதம் வந்தவன் கதை வேறு. சாக்கனில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் காண்டிராக்ட் வேலை, சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஓவர்டைம் நின்றதும் மொபைல் செயலியில் ஒரு கடன் வாங்கியிருக்கிறான். அதை அடைக்க இன்னொரு செயலியில் இன்னொன்று. மூன்று தவணை தவறியாயிற்று. வசூல்காரர்கள் இவனைக் கூப்பிட்டு அலுத்துப்போய், இவன் போனிலிருந்து உருவிய நம்பரில் ஊரிலிருக்கும் அம்மாவைப் பிடித்துவிட்டார்கள்.

"அண்ணே, நாளைக்குள்ள கட்டலேன்னா போலீஸ் வந்து ஜெயில்ல போட்டுருவாங்கன்னு அம்மாட்ட சொல்லிருக்கானுவ. அது தாலிக்கொடிய அடகு வைக்கக் கெளம்பிட்டு."

போனை வாங்கிப் பேசினேன். ரெண்டு நாள் பொறுங்கம்மா என்றேன். "புள்ளைய ஜெயில்ல விட்டுட்டு நகைய வச்சு நான் என்ன தம்பி செய்ய?" என்றார். சிரித்து ஒதுக்கக்கூடிய பயமில்லை அது. தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003லேயே வந்துவிட்டது. அப்படியும் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை அந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சரி, கடனுக்காக ஜெயிலில் போடுவார்களா? இந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு சட்டத்தையே வரவழைத்தவர்கள் நான் குடியிருக்கும் இதே ஜில்லாக்காரர்கள்தான்.

1875 மே 12. புனே ஜில்லாவில் சூப்பா என்ற சந்தை ஊர். (அஹமத்நகர் ரோட்டில் தொழிற்பேட்டை இருக்கிற சூப்பா வேறு. அங்கே இறங்கி டீக்கடையில் கலவரம் பற்றி விசாரித்து நான் அசடு வழிந்தது தனிக்கதை.) சுற்றுப்பட்டு விவசாயிகள் திரண்டு வந்து மார்வாடி, குஜராத்தி லேவாதேவிக்காரர்களின் கடைகளைச் சூழ்ந்துகொண்டார்கள். கேட்டது கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும். கிடைத்ததைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். சில கடைகள், வீடுகள் எரிந்ததும் உண்டு. ஆனால் கலவரம் புனே, அஹமத்நகர் ஜில்லாக்களில் முப்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்குப் பரவியும், பத்திரத்தைக் கொடுத்துவிட்ட இடங்களில் பெரும்பாலும் ஆளைத் தொடவில்லை. அதற்கு முந்தைய டிசம்பரில் சிரூர் பக்கம் ஒரு கிராமத்தில், 150 ரூபாய்க் கடனுக்காக ஒருவரை வீட்டைவிட்டு வெளியேற்ற லேவாதேவிக்காரர் கோர்ட் உத்தரவு வாங்கினார். ஊர் கூடி அவரை ஒதுக்கிவைத்தது. சவரம் கிடையாது, துணி வெளுப்பு கிடையாது.

காகிதத்தின் மேல் ஏன் அவ்வளவு கோபம்? 1860களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து பருத்தி வராததால் பம்பாய்ப் பருத்திக்கு ஏக கிராக்கி. கேட்டவனுக்கெல்லாம் கடன் கொடுத்தார்கள். 1865ல் போர் முடிந்தது, விலை விழுந்தது, கடன் மட்டும் நின்றது. அந்த நேரம் பார்த்து சர்க்கார் நிலவரியைத் தடாலடியாக ஏற்றியது. கடன் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை மூடிக்கொண்டார்கள்.

இதில் வேடிக்கை, விவசாயியை அதிகம் மாட்டிவிட்டது அவனைக் காப்பாற்ற வந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சட்டம்! 1859ல் காலவரம்புச் சட்டம் வந்தது. கடன் பத்திரத்துக்கு மூன்று வருஷம்தான் ஆயுள், வட்டி வருஷக்கணக்கில் குட்டி போட முடியாது என்பது எண்ணம். நடந்தது என்ன? மூன்றாவது வருஷம் முடியும் முன்னால் பழைய கடனையும் வட்டியையும் கூட்டி, அதையே புது அசலாக எழுதிப் புதுப் பத்திரம். கைநாட்டு. மறுபடி மூன்று வருஷம், மறுபடி கைநாட்டு. கட்டிய பணத்துக்கு ரசீது கிடையாது. கோர்ட்டுக்குப் போனால் கடைசிப் பத்திரத்தில் இருக்கும் தொகைதான் வேதவாக்கு. கட்டாதவனைக் கைது செய்து சிவில் ஜெயிலில் வைக்கவும் அன்றைய சட்டத்தில் இடமிருந்தது.

ஒரு செயலிக் கடனை அடைக்க இன்னொரு செயலி, அதற்குள் பிராசஸிங் கட்டணம், தாமதக் கட்டணம் எல்லாம் அசலில் சேர்ந்துகொள்வது... நம்ம தம்பியின் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்கு இந்தக் கைநாட்டுதான் ஞாபகம் வந்தது.

கலவரத்தை விசாரித்த கமிஷன் லேவாதேவிக்காரர்கள் மேல் பழியைப் போட்டு, நிலவரி காரணமே இல்லை என்றது. (சர்க்கார் கமிஷன் சர்க்காரையா குற்றம் சொல்லும்?) ஆனாலும் 1879ல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. புனே, சாத்தாரா, சோலாப்பூர், அஹமத்நகர் ஆகிய நாலு ஜில்லாக்களுக்கு. கடைசிப் பத்திரத்தை மட்டும் பார்க்காமல் கொடுக்கல் வாங்கலை முதலிலிருந்து தோண்டிப் பார்க்க வேண்டியது நீதிபதியின் கடமை ஆனது. வாங்கிய பணத்துக்கு ரசீது கட்டாயம். பணக் கடனுக்காக விவசாயியைக் கைது செய்யக் கூடாது. லேவாதேவிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அடமானத்துக்குப் பதிலாகக் கிரயப் பத்திரமாகவே எழுதி வாங்க ஆரம்பித்தார்கள். அது ஒரு பெரிய கதை.

1908ன் சிவில் நடைமுறைச் சட்டம் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. அதன் 60வது பிரிவை எல்லாரும் ஒரு தடவையாவது படிக்கணும். கோர்ட்டே தீர்ப்புக் கொடுத்தாலும், கடன்பட்டவனும் பெண்டாட்டி பிள்ளைகளும் உடுத்தும் அவசியத் துணி, சமையல் பாத்திரம், படுக்கை இவற்றை ஜப்தி செய்ய முடியாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றிக் கொடுக்கக் கூடாத நகையையும் தொட முடியாது. நம் வீடுகளில் அது தாலிதான்! 56வது பிரிவுப்படி பணக் கடனுக்காகப் பெண்களைக் கைது செய்யவே கூடாது. கைது செய்யப் போனாலும் சூரியன் அஸ்தமித்த பிறகு வீட்டுக்குள் நுழையக் கூடாது. 1936ல் ஒரு திருத்தம், கட்ட வழியிருந்தும் ஏமாற்றுகிறவனைத்தான் சிவில் ஜெயிலில் வைக்கலாம் என்ற மாதிரி. 1980ல் கொச்சி வங்கி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இன்னும் அழுத்திச் சொன்னார்: கையில் பணமில்லை என்பதற்காக மட்டும் ஒரு மனிதனைச் சிறையில் வைப்பது அரசியல் சட்டத்தின் 21வது பிரிவுக்கு விரோதம்.

வசூலிக்க வருகிறவன் எப்படி நடந்துகொள்ளலாம் என்பது இன்னொரு கிளை. ஆலை வாசலில் சம்பள நாளன்று தடியோடு நிற்கும் காபூல்காரர்களைப் பற்றி 1931ல் விட்லி தொழிலாளர் கமிஷன் எழுதியது. 1934ல் வங்காளத்தில், வேலை செய்யும் இடத்தைச் சுற்றி நின்று கடன் வசூலிப்பதே குற்றம் என்று சட்டம் போட்டார்கள். அப்புறம் ரொம்ப நாள் கழித்து, தடியர்களை அனுப்பி வண்டியைப் பிடுங்குவதை 2007ல் உச்ச நீதிமன்றம் வங்கிக் கடன் வழக்கு ஒன்றில் கடுமையாகக் கண்டித்தது. 2008ல் ரிசர்வ் வங்கி வசூல் ஏஜெண்டுகளுக்கு விதிகள் போட்டது. 2022 ஆகஸ்டில் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, குடும்பத்தார் முன் அவமானப்படுத்தக் கூடாது என்றது. செயலிகள் போனிலிருக்கும் நம்பர் பட்டியலைத் தொடக் கூடாது என்பது அடுத்த மாதமே வந்த விதி.

தம்பியிடம் ஒன்றை மறைக்கவில்லை. செக் கொடுத்திருந்து அது திரும்பினால் 138வது பிரிவு. வங்கிக் கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்க ஒப்புதல் கொடுத்து, பணமில்லாமல் திரும்பினாலும் 2007ன் சட்டம் ஒன்றின் 25வது பிரிவு. இரண்டும் கிரிமினல், இரண்டு வருஷம் வரை ஜெயில் உண்டு. ஆனால் முதலில் எழுத்தில் நோட்டீஸ் வரணும். வந்த 15 நாளுக்குள் கட்டிவிட்டால் வழக்கில்லை. போனில் கத்துகிறவனுக்குப் பயப்படாதே, நோட்டீஸ் வந்தால் மட்டும் அசட்டையாக இருக்காதே என்றேன்.

அன்று மத்தியானமே உட்கார்ந்து இரண்டு செயலிகளின் ஒப்பந்தத்தையும் படித்தோம் (அதுவரை அவன் பார்த்ததே இல்லை). பின்னால் இருக்கும் நிதி நிறுவனங்களின் பெயரைக் கண்டுபிடித்து, அம்மாவுக்கு வந்த போன்களைத் தேதி, நேரத்தோடு குறித்து, குறைதீர் அதிகாரிகளுக்கு மெயில் அனுப்பினோம். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் கிடையாது.

முதல் நிறுவனம் பத்தே நாளில் இறங்கிவந்தது. தாமதக் கட்டணத்தைத் தள்ளிவிட்டு ஆறு தவணையாகக் கட்டச் சொல்லி எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள், கட்ட ஆரம்பித்துவிட்டான். தாலிக்கொடி கோவில்பட்டியில் அம்மா கழுத்திலேயே இருக்கிறது. இரண்டாவது நிறுவனத்திலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. இன்றோடு இருபத்தேழு நாள். வர்ற புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், ஆம்பட்ஸ்மேன் படிவத்தை நிரப்ப.