கணிப்பொறியை எழுப்புவது யார்?

செங்கற்பட்டிலிருந்து விழுப்புரம் செல்லும் இரயிலில் பாலாற்றைக் கடந்தால் சற்று நேரத்தில் படாளம் வரும். அங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைப் பலரும் அறிவர். அரவைப் பருவம் தொடங்கும்போது எந்தச் சர்க்கரை ஆலையிலும் ஓர் ஒழுங்கைக் காணலாம். முதலில் கொதிகலனில் தீ மூட்ட வேண்டும். நீராவியின் அழுத்தம் ஏறிய பிறகே அரவை உருளைகள் திரும்பும். சாறு வந்த பிறகே காய்ச்சும் கலங்களுக்கு வேலை. வரிசை மாறினால் ஆலை ஓடாது.

கணிப்பொறிக்கும் இத்தகைய வரிசை உண்டு. லினக்ஸ் கணிப்பொறியின் பொத்தானை அழுத்தியதும் இயக்க முறைமையின் கருவாகிய 'கெர்னல்' நினைவகத்தில் ஏறுகிறது. அது ஒரே ஒரு நிரலைத் தொடங்கிவைத்து, மற்றப் பொறுப்புகளை அதனிடம் ஒப்படைக்கிறது. அந்நிரலின் வரிசை எண் 1, பெயர் 'இனிட்'. வலையமைப்பு, அச்சுப்பொறி, கடிகாரம் முதலிய பணிகளை எழுப்புவது அதுவே.

பழைய முறையும் புதிய முறையும்

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் பிறந்தது. 1983-இல் வெளிவந்த அதன் 'சிஸ்டம் ஃபைவ்' பதிப்பின் தொடக்க முறையே பிற்காலத்தில் லினக்சுக்கும் வந்தது. இதில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு கட்டளைக் கோப்பு உண்டு. அவை ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும். எவரும் திறந்து படித்துத் திருத்தலாம் என்பது இதன் சிறப்பு. ஒரு பணி தாமதித்தால் பின்னால் நிற்பவை எல்லாம் காத்திருக்க வேண்டும் என்பது இதன் குறை.

இக்குறையைப் போக்க 2006-இல் உபுண்டு 'அப்ஸ்டார்ட்' முறையைக் கொண்டுவந்தது. 2010-இல் லென்னார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் 'சிஸ்டம்டி'யை அறிமுகப்படுத்தினர். இது பல பணிகளை ஒரே நேரத்தில் எழுப்புகிறது. இடையில் ஒரு பணி நின்றுபோனால் மீண்டும் தொடங்கவும் வல்லது. ஆனால் பயனர் நுழைவு, நிகழ்வுப் பதிவு போன்ற வேலைகளையும் தன்வசம் எடுத்துக்கொண்டது. ஒரே நிரல் குடும்பத்திடம் இத்தனை பொறுப்பா என்ற கேள்வி எழுந்தது.

டெபியனில் எழுந்த வழக்கு

1993-இல் தோன்றிய டெபியன், தன்னார்வலர்கள் நடத்தும் லினக்ஸ் தொகுப்பு. 2014 பிப்ரவரியில் அதன் தொழில்நுட்பக் குழுவின் எட்டு உறுப்பினர்கள் நாலுக்கு நாலாகப் பிரிந்தனர். தலைவர் பிடேல் கார்பியின் தீர்மான வாக்கினால் சிஸ்டம்டி வென்றது. உடன்படாதோர் சிலர் பிரிந்து சென்று 'டெவுவன்' என்ற தனித் தொகுப்பைத் தொடங்கினர்.

இது நமக்கு அயலார் வழக்கு அன்று. 2005-இல், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் இணைந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை உருவாக்கின. அம்முயற்சியில் 2007-இல் வெளிவந்த 'பாஸ்' லினக்சுக்கு டெபியனே அடித்தளம். தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணிப்பொறிகளிலும் விண்டோசுடன் பாஸ் இடம்பெற்றது. டெபியனில் எடுக்கும் முடிவு இத்தகைய வழித்தோன்றல்களையும் வந்தடைகிறது.

சிக்கல் எங்கே?

மென்பொருள் பொதி ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய துணைப் பொதிகளைக் குறித்துவைக்கிறது. திரைமுகப்பு ஒன்று சிஸ்டம்டியின் பயனர் நுழைவுப் பகுதியைக் கேட்டால், அதன் பின்னால் சிஸ்டம்டியும் வந்துவிடும். வேறு இனிட்டை விரும்புவோர் என்ன செய்வது? அந்தப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து 'ஈலாகின்டி' என்ற தனி நிரலாக்கினர். பழைய கட்டளைக் கோப்புகளைச் சில பொதிகள் கைவிட்டன. அவற்றைத் திரட்டிக் காக்கவும் டெபியனில் தனிப் பொதி ஒன்று தோன்றியது.

2019 டிசம்பரில் டெபியனில் மீண்டும் பொது வாக்கெடுப்பு நடந்தது. 'சிஸ்டம்டியே முதன்மை, மாற்று முயற்சிகளுக்கும் ஆதரவு உண்டு' என்ற தீர்மானம் வென்றது. மாற்று வழிக்கான உழைப்பை அதை விரும்புவோரே தர வேண்டும் என்றும் அது கூறியது. கதவு மூடப்படவில்லை, ஆனால் அதைத் திறந்து வைத்திருக்க யாரேனும் அங்கே நின்றாக வேண்டும்.

ஆய்வகத்தில் ஒரு பழைய கணிப்பொறி கிடந்தால், அதில் டெவுவனை நிறுவிப் பாருங்கள். தொடக்கக் கோப்பு ஒன்றைத் திறந்து வரிவரியாகப் படியுங்கள். பிழை தென்பட்டால் திருத்தி அனுப்புங்கள். மாற்று வழி நிலைத்திருப்பது இத்தகைய சிறு பணிகளால்தான்.