சபெலோ: ஒரு தீவும் பதின்மூன்று பக்கங்களும்

அமெரிக்காவின் தென்கிழக்கே, ஜோர்ஜியா மாநிலத்தின் அத்திலாந்திக் கரையை ஒட்டி ஒரு தீவுத் தொடர் கிடக்கிறது. பெருங்கடலின் அலைகளை முதலில் தாங்கி, பின்னாலுள்ள பெருநிலத்தைக் காக்கும் மணல் வேலிகள் இவை. புவியியலில் இவற்றைத் தடுப்புத் தீவுகள் என்போம். அவற்றுள் ஒன்று சபெலோ. நீளம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். பாலம் கிடையாது, இன்றும் படகேறித்தான் போக வேண்டும். புவியியல் கற்பிக்கும் ஆசிரியன் என்ற வகையில் இத்தீவைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய நான், எதிர்பாராத விதமாக ஒரு மார்க்கக் கிதாபின் பக்கங்களில் வந்து நின்றேன்.

சபெலோவின் நடுப்பகுதி பனிக்காலங்களுக்கு இடைப்பட்ட தொல்காலத்தில் குவிந்த பழைய மணல்மேடு. கடல்முகத்திலுள்ள மணல் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் சேர்ந்தது. தீவின் பின்புறம் பரந்த உவர்ச் சதுப்பு. வற்றுப்பெருக்கின்போது கடல் இரண்டு மீற்றருக்கும் மேலாக ஏறி இறங்கும். அந்த நீரோட்டத்தில்தான் இறாலும் நண்டும் சிப்பியும் செழிக்கின்றன. 1953இல் இங்கு நிறுவப்பட்ட ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு நிலையம், உவர்ச் சதுப்பு பற்றிய உலக அறிவுக்கு அடித்தளமிட்ட ஆய்வுகளைச் செய்தது. சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கு வாழ்ந்த ஆதிக்குடிகள் விட்டுச்சென்ற சிப்பியோட்டு வளையமேடு இன்னும் உள்ளது. சபெலோ என்ற பெயரும், 17ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழங்கிய 'சப்பாலா' என்ற பெயரின் திரிபே.

1802இல் தோமஸ் ஸ்போல்டிங் என்ற பெருந்தோட்டக்காரர் தீவின் தென்பகுதியை வாங்கினார். நீண்ட இழைப் பருத்தியும் கரும்பும் பயிராயின. சிப்பியோட்டைச் சுட்டெடுத்த சுண்ணாம்போடு மணலும் ஓடும் நீரும் கலந்து சுவர்கள் எழுப்பப்பட்டன. உழைத்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அவர்களது பிள்ளைகளும். நூற்றுக்கணக்கான அந்த அடிமைகளுக்குக் கங்காணியாக இருந்தவர் பிலாலி முஹம்மத்.

இவர் இன்றைய கினி நாட்டின் புட்டா ஜல்லோன் மலைநாட்டில், தீம்போ என்ற ஊரில் பிறந்தவர். இஸ்லாமியக் கல்வி வேரூன்றியிருந்த பூமி அது. அடிமையாக்கப்பட்டு பஹாமாஸ் தீவுகளுக்கும் பின்னர் சபெலோவுக்கும் கொண்டுவரப்பட்டார். தொப்பி அணிந்தார், தொழுதார், நோன்பு நோற்றார். மதீனா, பாத்திமா எனப் பெண்மக்களுக்குப் பெயரிட்டார். 1824ஆம் ஆண்டுப் பெரும் புயலில் சிப்பிச் சுண்ணாம்புக் கட்டடங்களுக்குள் மக்களை அழைத்துச் சென்று உயிர் காத்தவர் என்றும் இவரைப் பற்றிக் கூறுவர்.

பிலாலி 1850களின் இறுதியில் மரணித்தார். அதற்குமுன் தன் கைப்பட எழுதிய சிறு அரபு ஏடொன்றை பிரான்ஸிஸ் கோல்டிங் என்ற வெள்ளையின எழுத்தாளரிடம் கொடுத்திருந்தார். மொத்தம் 13 பக்கங்கள். 1931இல் அது ஜோர்ஜியா மாநில நூலகத்தை அடைந்தது. இப்போது ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நெடுங்காலமாக அது ஓர் அடிமையின் நாட்குறிப்பு என்றே நம்பப்பட்டது. மொழியியலாளர் ஜோசப் கிரீன்பேர்க் அதன் பிரதியை நைஜீரியாவின் கானோ நகரிலிருந்த ஆலிம்களிடம் காட்டி, 1940இல் உண்மையை வெளியிட்டார். அது நாட்குறிப்பல்ல. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் கைரவானில் வாழ்ந்த இப்னு அபீ ஸைத் இயற்றிய 'ரிஸாலா' என்ற மாலிகி மத்ஹப் நூலின் சில பகுதிகள் அதில் இருந்தன. வுழுச் செய்யும் முறை, தொழுகை, பாங்கு ஆகியவை பற்றிய பாடங்கள். பல இடங்களில் பிழைகளும் சிதைவுகளும் உண்டு. இளமையில் ஓதியதை நினைவிலிருந்தே எழுதியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து.

நாட்குறிப்பை எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். சவுக்கடி இல்லை, கப்பற் பயணம் இல்லை, எசமானின் பெயர்கூட இல்லை. ஆனால் எனக்கு இதைவிட அந்தரங்கமான ஆவணம் ஒன்றைக் கற்பனை செய்ய முடியவில்லை. உடல் இன்னொருவனின் சொத்தாகிவிட்ட நிலையில், அந்த உடலின் எந்தெந்த உறுப்பை எந்த வரிசையில் கழுவி இறைவன்முன் நிற்க வேண்டும் என்று ஒருவர் எழுதி வைக்கிறார். எழுத்துப்பிழைகளைத் திருத்தியே பழகிய ஆசிரியத் தொழிலில் இருப்பவன் நான். அந்தப் பக்கங்களின் பிழைகளில் மட்டும் சிவப்பு மை படக்கூடாது என்று தோன்றுகிறது. மதரஸாவுக்கும் அந்தத் தாளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளப்பவை அந்தப் பிழைகளே.

ஏட்டைவிட நீண்ட ஆயுள் பெற்றது ஒரு சொல். 1930களில் ஜோர்ஜியா எழுத்தாளர் திட்டத்தினர் சபெலோவின் முதியவர்களைச் சந்தித்தனர். பிலாலியின் கொள்ளுப்பேத்தியான கேற்றி பிரவுண், தன் பாட்டி மார்கரெட் ஆண்டுக்கொரு முறை அரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, இனிப்புச் சேர்த்துத் தட்டைப் பலகாரம் செய்து சிறுவர்களுக்குப் பகிர்ந்ததை நினைவுகூர்ந்தார். அதன் பெயர் 'ஸறக்கா'. நமது 'ஸதகா'தான் அது. மார்க்கம் அக்குடும்பங்களிலிருந்து போய்விட்டது, பேரப்பிள்ளைகள் கிறிஸ்தவர்களாயினர். கிதாபை ஆண் எழுதினார், அது பேழைக்குள் போயிற்று. தர்மத்தைப் பெண் இடித்துப் பிசைந்தாள், அது பிள்ளைகளின் நாவில் தங்கிற்று. நமது சமூக வரலாற்றை எழுதுவோர் ஏடுகளோடு நின்றுவிடாமல் அடுப்படிக்கும் போக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நினைவு தங்குவதற்கு நிலமும் வேண்டும். 1865இல் ஜெனரல் ஷேர்மன் இக்கரையோரத் தீவுகளை விடுதலை பெற்றவர்களுக்கென ஒதுக்கினார். அதே ஆண்டிலேயே ஜனாதிபதி அன்ரூ ஜோன்சன் அக்காணிகளைப் பழைய எசமான்களுக்குத் திருப்பிவிட்டார். ஆயினும் 1871இல் முன்னாள் அடிமைகள் சேர்ந்து ரக்கூன் பிளஃப் என்ற இடத்தில் சுமார் ஆயிரம் ஏக்கரை விலைகொடுத்து வாங்கினர். பிற்காலத்தில் தீவின் பெரும்பகுதி புகையிலைச் செல்வந்தர் ஆர். ஜே. ரெனோல்ட்ஸின் கைக்கு வந்தது. 1950கள் தொடங்கி 1964 வரை, சிதறிக் கிடந்த கறுப்பினக் கிராமங்கள் அவரது நெருக்குதலால் வெறுமையாகி, ஹொக் ஹமொக் என்ற ஒரே குடியிருப்புக்குள் ஒடுக்கப்பட்டன. இன்று தீவின் பெரும்பகுதி மாநில அரசுக்குச் சொந்தம். சுமார் நானூறு ஏக்கருக்குள் கல்லா-கீச்சி எனப்படும் அம்மக்கள் வாழ்கின்றனர். புல்லால் கூடை பின்னுகிறார்கள். சிவப்புக் கௌபி பயிரிடுகிறார்கள். தமக்கென ஒரு மொழியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் தீவின் பாடசாலை மூடப்பட்டுவிட்டது. பிள்ளைகள் படகேறிப் பெருநிலத்துக்குப் படிக்கப் போகிறார்கள்.

பிலாலியின் வழித்தோன்றலான கோர்னீலியா வோக்கர் பெய்லி 2000ஆம் ஆண்டு தன் நினைவுகளை நூலாக்கினார், 2017இல் காலமானார். 2023 செப்டெம்பரில் மாவட்ட நிர்வாகம் வீடுகளின் அளவெல்லையை 1,400 சதுர அடியிலிருந்து 3,000ஆக உயர்த்தியது. பெருவீடுகள் வந்தால் வரி ஏறும், வரி ஏறினால் காணி கைமாறும் என்பது குடியிருப்பாளரின் அச்சம். பொதுவாக்கெடுப்புக் கோரும் உரிமைக்காக அவர்கள் வழக்காடினர். 2025 செப்டெம்பரில் ஜோர்ஜியா உயர்நீதிமன்றம் அவர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. இதற்கிடையே 2024 ஒக்டோபர் 19ஆம் திகதி, தீவின் கலாசார தினத்தன்று, இறங்குதுறையின் நடைபாலம் இடிந்து விழுந்து ஏழுபேர் இறந்தனர்.

தடுப்புத் தீவு ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒரு முனையில் அலை மணலை அரிக்கும். இன்னொரு முனையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். சபெலோ மக்களிடமிருந்து ஏடு போனது, மார்க்கம் போனது, ஊர்கள் போயின. பெயர்களும் ஒரு பலகாரத்தின் நினைவும் நானூறு ஏக்கர் மண்ணும் சேர்ந்திருக்கின்றன. அந்த மண்ணும் போய்விட்டால், பிலாலியின் பக்கங்கள் நூலகத்தில் பத்திரமாக இருப்பதில் யாருக்கு என்ன ஆறுதல்?