ஒல்லியா இருந்தா ஹார்ட் அட்டாக் வராதா?

ரொம்ப நாளா பதிவு பக்கம் வரல மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கம்போல சொல்லலாம். ஆனா இந்த தடவை காரணம் வேற. அப்பாவுக்கு ஸ்ட்ரோக்.

அப்பா ஆரணியில முப்பது வருஷம் குழித்தறியில பட்டு நெய்தவர். காலையில குழியில கால விட்டு உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் மிதிகட்டை, நாடா, ஜரிகை இதான் உலகம். ஆள் ஒல்லி. ஒருநாள் காலையில டீ டம்ளரைப் பிடிக்க முடியாம இடது கை தொங்கிடுச்சு. வேலூருக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்க முதல் நாளே ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாங்க. அப்பா கோணின வாயோட கேட்டார்: "கைக்கு வந்ததுக்கு நெஞ்சுல இன்னாத்துக்குடா ஒயர ஒட்டறாங்க?"

டாக்டர் பொறுமையா சொன்னார். மூளைக்குப் போற குழாயும் இதயத்துக்குப் போற குழாயும் ஒரே உடம்புல இருக்கறது. ஒண்ணு அடைச்சா இன்னொண்ணையும் சந்தேகப்படணும். சில பேருக்கு இதயத்துல உருவான ரத்தக்கட்டியே மூளைக்குப் போய் அடைக்கும். அப்பாவுக்கு எப்பவோ வலியே இல்லாம ஒரு ஹார்ட் அட்டாக் வந்து போயிருந்ததாம். எங்க யாருக்கும் தெரியாது.

"ஒல்லியா இருக்கறவருக்கு எப்படி?" இந்தக் கேள்வி மண்டையைக் குடைய, தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். இதுக்கு ஒரு வரலாறே இருக்கு.

கதை ஆரம்பிக்கறது சிங்கப்பூர் பிணவறையில. 1950 முதல் 1954 வரை அங்க நடந்த 9,000-க்கும் மேற்பட்ட பிணப் பரிசோதனைக் குறிப்புகளை டாக்டர் டி.ஜே. தனராஜும் அவரது குழுவும் அலசினாங்க. (பின்னாளில் மலாயா பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தின் முதல் டீன் இவர்தான்.) 1959-ல் முடிவு வெளிவந்தது. சீனர்களோடு ஒப்பிட்டா இந்தியர்களுக்கு மாரடைப்பு நோய் சுமார் ஏழு மடங்கு அதிகம்! அன்றைய சிங்கப்பூர் இந்தியர்னா பெரும்பாலும் நம்ம தமிழர்கள்தான். ஒரே ஊர், ஒரே வெயில், ஆனா இவ்வளவு வித்தியாசம்.

அடுத்த காட்சி லண்டன். கொழுப்புச் சாப்பாடும் சிகரெட்டும்தான் காரணம்னு நினைச்சாங்க. 1985-ல் பால் மெக்கெய்க் குழு வடமேற்கு லண்டன் குஜராத்திகளைப் பார்த்தது. பலர் சைவம், கெட்ட கொழுப்பு உணவு கம்மி, கொலஸ்ட்ராலும் கம்மி. ஆனாலும் மாரடைப்பு அதிகம்! 1991-ல் அதே மெக்கெய்க் சவுத்தால் பகுதி ஆய்வில் விடையின் ஒரு நுனியைப் பிடித்தார். தெற்காசியர்களில் 19 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய், ஐரோப்பியர்களில் 4 சதவீதம்தான். கூடவே தொப்பை, இன்சுலின் சரியா வேலை செய்யாத உடம்பு.

சரி, அப்ப புலம்பெயர்ந்ததுதான் தப்பா? இங்கதான் எனக்குப் பிடிச்ச ஆய்வு வருது. 1995-ல் பட்நாகர் குழு மேற்கு லண்டன் பஞ்சாபிகளை, பஞ்சாப்லயே இருந்த அவங்க கூடப்பிறந்தவங்களோட ஒப்பிட்டது. லண்டன்காரருக்கு எடை, பிபி, கொலஸ்ட்ரால் எல்லாம் கூடுதல். ஆனா லைப்போபுரோட்டீன்-ஏ என்கிற பரம்பரைக் கொழுப்பு ரெண்டு பேருக்குமே அதிகம். விதை ஊர்லயே இருக்கு, தண்ணி ஊத்தறது வாழ்க்கை முறைனு நான் புரிஞ்சுக்கிட்டேன்.

தண்ணி ஊத்த இப்ப லண்டன் போக வேண்டியதில்ல. 2001-ல் வெளியான சென்னை ஆய்வுல (டாக்டர் வி. மோகன் குழு) 11 சதவீதம் பேருக்கு இதயக் குழாய் நோய். வேலூர்ல 1991-94லயும் 2010-12லயும் எடுத்த கணக்கெடுப்புகளை ஒப்பிட்டா, கிராமப் பகுதியில சர்க்கரை நோய் மூணு மடங்கு. ஆரணிக்குப் பக்கத்து ஊர்க் கதை இது! 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வுல, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயசு 53. மத்தவங்களுக்கு கிட்டத்தட்ட 59. ஆறு வருஷம் முன்னாடியே.

ஒல்லிக் கேள்விக்கு வர்றேன். 2004-ல் புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் ஒண்ணா நின்னு ஒரு போட்டோ எடுத்து லான்செட் இதழ்ல போட்டாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனா உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. தராசு பொய் சொல்லல, பாதி உண்மைதான் சொல்லுது. அதனாலதான் தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே உஷார்ங்கறாங்க.

போன வாரம் ஊருக்குப் போனப்ப அப்பா பழைய துணி டேப்பை எடுத்து வலது கையால என் இடுப்பைச் சுத்தினார். இடது கை இன்னும் முழுசா வரல, அதனால ஒரு முனையை நான் பிடிச்சுக்கிட்டேன். 94. எனக்கு வயசு 28. நாள் முழுக்க பொட்டி தட்டற வேலை.

"நான் குழியில கால விட்டு மிதிச்சாவது இருந்தேன். நீ அதுகூட இல்லியேடா"ன்னார்.

பதில் சொல்லத் தெரியல. மறுநாள் காலையில ரெண்டு பேரும் நடக்கப் போனோம். அவர் வேகத்துலதான். கமண்டல நாகநதி பாலம் வரைக்கும் போறதுக்குள்ள எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு :-)

பின்னூட்டம் அப்புறம் போடலாம், முதல்ல டேப்பை எடுங்க மக்களே.