பிழையும் திருத்தமும்

பழைய தமிழ் நூல்களில் முன்னுரையை ஒட்டியோ கடைசித் தாளிலோ ஓர் அட்டவணை இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்திகள். தலைப்பு ‘பிழைதிருத்தம்’, சிலர் ‘பிழையும் திருத்தமும்’ என்று போடுவார்கள். இவற்றைத் திருத்திக்கொண்டு படிக்கும்படி வாசகருக்கு ஒரு வேண்டுகோளும் இருக்கும். நூலில் நான் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.

பிழைத்தல் என்றால் இலக்குத் தவறுதல். 772ஆம் குறளில், யானைமேல் எறிந்து குறி தப்பிய வேலுக்கு வள்ளுவர் ஆளும் வினை இதுதான். முயலை வீழ்த்திய அம்பைவிட அந்த வேலே அவருக்கு உயர்ந்தது. குறி தப்பினால் எதிரே நின்ற உயிர் தப்பும். ‘உயிர் பிழைத்தான்’, ‘பிழைப்பு’ என்ற வழக்குகளையும் இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. திருத்துதலோ உழவர் வாயிலும் புழங்கும் சொல். காட்டைத் திருத்திக் கழனி ஆக்கினார்கள்.

பிழை வேறு, குற்றம் வேறு. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வெற்றெனத் தொடுத்தல் போன்றவை சிந்தனையையும் சொல்லும் முறையையும் பற்றியவை. சொல் வழுவுக்கென்று உள்ளது ஒன்றே ஒன்று: வழூஉச்சொற் புணர்த்தல். அந்த வழுவையும் தக்க காரணம் இருந்தால் ஏற்றுக்கொண்டு ‘வழுவமைதி’ என்று பெயரிட்ட இலக்கணம் நம்முடையது. இதழுக்கு அனுப்பிவிட்ட கட்டுரையில் ஒரு ளகரம் லகரமாகிவிட்டதே என்று தூக்கத்தைத் தொலைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏட்டுக் காலத்தில் எழுத்தாணி கீறியதை அழிக்க வழியில்லை. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது; எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும்; காலா ரகரமா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் 19ஆம் நூற்றாண்டு நூல்களின் முகப்பில், இன்னாரால் ‘பரிசோதித்து’, ‘பார்வையிடப்பட்டு’ என்ற சொற்கள் அத்தனை கௌரவத்தோடு நிற்கின்றன. ஆறுமுக நாவலர் பதிப்பு என்றாலே பிழையற்றது என்று பேர்.

அச்சகத்தில் பிழைதிருத்தம் பிறந்ததற்குக் காரணம் ஈயம். ஈயத்தில் வார்த்த அச்செழுத்துகள் அளவாகத்தான் இருக்கும். ஒரு ஃபாரம், அதாவது ஒன்றாக அச்சாகும் பக்கங்களின் தொகுதி, ஓடி முடிந்ததும் அவற்றைப் பிரித்து எழுத்துப் பெட்டியான கேஸில் போட்டால்தான் அடுத்ததைக் கோக்க முடியும். 30ஆம் பக்கத்துப் பிழை 100ஆம் பக்கம் ஓடும்போது கண்ணில் பட்டால், அந்தப் பக்கம் அதற்குள் கலைந்திருக்கும். முகப்பும் முன்னுரையும் கடைசியில்தான் அச்சாகும் என்பதால், அங்கே அட்டவணைக்கு இடம் கிடைத்தது. ‘அச்சுப் பேய்’ என்று சொல்லிப் பிழையை எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் தலையில் கட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அந்த அட்டவணையில் யார் செய்த பிழை என்று கேட்கும் பத்தி கிடையாது.

கணினி வந்த பிறகு பிழை வேறு உருவம் எடுத்திருக்கிறது. ‘கௌரவம்’ என்பதில் கௌ ஓரெழுத்து. அதையே ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டு அடித்தாலும் திரையில் ஏறக்குறைய அப்படியே தெரியும். பத்துப் பேர் புரூஃப் பார்த்தாலும் தப்பிவிடும். ‘கெள’ என்று இட்டுத் தேடினால்தான் சிக்கும். கெளுத்தி போன்ற சரியான சொற்களும் கூடவே வரும். அவற்றை விட்டுவிட வேண்டும்.

கட்டுரையை அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால், பழைய முறையே இன்றைக்கும் நல்லது. பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று ஒரு சிறு அட்டவணை எழுதி ஆசிரியருக்கு அனுப்பலாம். பக்கம் கட்டிக்கொண்டிருப்பவருக்கு நீண்ட மன்னிப்புக் கடிதத்தைவிட அதுதான் உதவும். பழைய நூல்களை மறுபதிப்புச் செய்பவர்களும் தட்டச்சுக்குக் கொடுக்கும் முன் பிழைதிருத்தத் தாளைத் தேடி எடுத்து, அதில் உள்ளவற்றை உரிய வரிகளில் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பதிப்பித்தவரே திருத்திவைத்த பிழை, மூலத்தில் இப்படித்தானே இருக்கிறது என்று மறுபடியும் அச்சேறிவிடும்.