தொழில் காத்த குலம்

அயர்லாந்து தேசத்தில் ஊருக்கு ஊர் ஓடும் அரசாங்கப் பேருந்துகளின்மேல், நான்கு கால்களையும் காற்றில் வீசிப் பாய்கின்ற செந்நிற நாயொன்றின் உருவம் தீட்டப்பட்டிருப்பதைக் காணலாம். பஸ் ஏரன் என்னும் அந்தப் போக்குவரத்து நிறுவனம் 1987-ஆம் ஆண்டில் ஏற்பட்டபோது தனக்குச் சின்னமாகத் தேர்ந்துகொண்டது, அந்நாட்டுக்கே உரிய ஐரிஷ் செட்டர் என்னும் வேட்டைநாயை. வேகத்துக்கு அடையாளமாக அதை வரைந்தார்கள் போலும். ஆயினும் அந்த நாயின் கீர்த்தியில் ஓட்டத்துக்கு உரியது பாதிதான். அம்புபோற் பாயும் ஓட்டத்தின் நடுவே, பறவையின் வாடை காற்றில் வந்து மூக்கைத் தொட்ட அக்கணமே, கல்லிற் செதுக்கிய சிற்பம்போல் அசைவற்று நின்றுவிடுகிறதே, அந்த நிலைக்கு உரியது மறுபாதி. அந்த நிலையை மறந்து அழகை மட்டும் சுமந்து திரிந்த ஒரு குலம், தன் பழைய தொழிலுக்கு மீண்ட சரித்திரமே இக்கட்டுரையின் விஷயம்.

செட்டர் என்ற பெயரிலேயே அதன் பூர்வ கதை அடங்கியிருக்கிறது. துப்பாக்கி கொண்டு பறவையைச் சுடும் வழக்கம் பரவுவதற்கு முன்னர், வேடர்கள் கௌதாரிகளை வலைவீசிப் பிடித்து வந்தார்கள். இங்கிலாந்தில் அரச வைத்தியராக விளங்கிய ஜான் கீஸ் என்பவர் 1570-ஆம் ஆண்டில் நாய்களைப் பற்றி லத்தீன் மொழியில் வெளியிட்ட சிறு நூலில், பறவை இருக்கும் இடத்தை அறிந்ததும் குரைக்காமல், வயிறு தரையிற் படப் பதுங்கி, புழுவைப்போல் ஊர்ந்து முன்னேறி, இடத்தைக் குறிப்பால் உணர்த்தும் ஒருவகை நாயை வருணிக்கிறார். நாய் அவ்வாறு அமர்ந்ததும் வேடன் வந்து வலையை விரிப்பான். இவ்வாறு அமர்வதனாலேயே அதற்கு அந்தப் பெயர் வந்தது. பிற்காலத்தில் வலை போய்த் துப்பாக்கி வந்தது. பறந்தெழும் பறவையைச் சுடுபவனுக்கு நாய் எங்கே இருக்கிறது என்பது தூரத்திலிருந்தே புலப்பட வேண்டியிருந்தபடியால், படுத்துக் காட்டிய நாய் நாளடைவில் நின்று காட்டலாயிற்று.

அந்த வேலையை அருகிலிருந்து பார்ப்பதுபோல் எண்ணிக்கொள்வோமாக. முழங்கால் அளவு வளர்ந்த ஹெதர்ப் புதர்கள். கால் வைத்த இடமெல்லாம் நீர் ஊறும் சதுப்பு. முகத்தில் மோதும் ஈரக்காற்று. துப்பாக்கி ஏந்தியவனுக்கு வெகுதூரம் முன்னால், காற்றை எதிர்கொண்டு, தறியில் ஓடும் நாடாவைப்போல் வலமும் இடமுமாக நிலத்தை அளந்துகொண்டு நாய் ஓடுகிறது. திடீரென்று நின்றுவிடுகிறது. தலை வாடை வந்த திசையில் நீண்டிருக்க, முன்கால் ஒன்று மடங்கியபடியே நின்றுபோக, வாலின் நுனி மயிர் மட்டும் காற்றில் அசைகிறது. பறவையோ பத்துப் பதினைந்து அடி தூரத்தில், தன்னை யாரும் காணவில்லை என்ற நம்பிக்கையில் புதருக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. எஜமான் வந்து சேரும்வரையில், நிமிஷங்கள் எத்தனை கழிந்தாலும், நாய் அதை விரட்டவும் கூடாது. விட்டு விலகவும் கூடாது. துரத்த வேண்டும் என்னும் பிறவி வேட்கையையும், அதனை அடக்கி நிற்கும் பொறுமையையும் ஓர் உயிரிலேயே ஒருங்கு வைப்பது தலைமுறை தலைமுறையாகச் செய்த தேர்வினால் மட்டுமே கைகூடிய காரியம்.

அயர்லாந்தில் அத்தேர்வைச் செய்தவர்கள் பெரும்பாலும் நிலப்பிரபுக்கள். பிரெஞ்ச் பார்க் என்னும் இடத்து டி ஃப்ரெய்ன் குடும்பத்தார் 1793-ஆம் ஆண்டிலிருந்தே தங்கள் நாய்களின் வமிசாவளியை எழுதிவைத்து வந்தனர். பறவைகள் அடர்ந்து வாழாத பரந்த கரம்புகளில், உள்ளானையும் செங்க்ரௌஸையும் தேடி நாள் முழுதும் ஓடவேண்டிய நாய்க்கு, எட்டி வீசும் கால்களும் இளைக்காத மார்பும் தேய்ந்து போகாத பாதங்களுமே முக்கியமாயிருந்தன. நிறத்தைப் பற்றி அக்காலத்தார் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. முழுச் சிவப்பு நாயும் உண்டு. வெள்ளையில் செந்திட்டுப் படர்ந்த நாயும் உண்டு. பழுத்த புதர்களின் நிறத்தோடு சிவப்பு கலந்து மறைந்துவிடுமாதலால், தூரத்தில் தெரியும் வெண்மையை விரும்பிய வேட்டைக்காரர் பலர் இருந்தனர்.

இந்த நிலைமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மாறியது. 1859-ஆம் ஆண்டில் நியூகாசில் நகரில் முதல் நாய்க் கண்காட்சி நடைபெற்றது. அதில் பரிசுக்கு நின்றவை பாயிண்டர், செட்டர் என்னும் வேட்டைநாய் வகைகளே. ஆறு ஆண்டுகள் கழித்து, 1865-இல், பெட்ஃபோர்டுஷயரைச் சார்ந்த சவுத்ஹில் என்னுமிடத்தில் முதல் களப்பரீட்சை நிகழ்ந்தது. நாயை மதிப்பிட இரண்டு நியாய ஸ்தலங்கள் இவ்வாறு ஏற்பட்டன. ஒன்றில் மனிதனுடைய கண் தீர்ப்பளித்தது; மற்றொன்றில் நாயினுடைய மூக்கு சாட்சி சொன்னது. இரண்டிலும் முதலில் ஒரே நாய்கள்தாம் சென்று நின்றன. ஆனால், கண்ணுக்குப் பிடித்த குட்டியை ஒருவரும், களத்தில் உழைத்த குட்டியை மற்றொருவரும் வைத்துக்கொண்டு வளர்க்க வளர்க்க, ஒரே கூட்டத்து உடன்பிறப்புகள் இரண்டு குலங்களாகப் பிரியத் தொடங்கின.

அந்தப் பிரிவுக்கு ஓர் ஆதிபுருஷன் உண்டென்றால், அது 1862-இல் பிறந்த பாமர்ஸ்டன் என்னும் செந்நாயகனே. அதன் எஜமான் செசில் மூர் என்பவர், தலை நீண்டு உடல் நுண்மையாய் அமைந்த அந்நாய் வேட்டைக்கு ஆகாதெனக் கருதி, அதனை நீரில் அமிழ்த்திவிடும்படி கட்டளையிட்டாராம். ஹில்லியார்ட் என்ற நண்பர் வழியில் கண்டு இரந்து கேட்டு வாங்கிக்கொண்டார். மரணத்திலிருந்து மீண்ட நாய் கண்காட்சிகளில் பரிசுகளை வாரிக் குவித்தது. யாவரும் தங்கள் பெட்டைகளுக்கு அதனையே நாடினர். இன்று உலகத்தில் உள்ள ஐரிஷ் செட்டர்களில் ஏறத்தாழ எல்லாமே அதன் சந்ததி என்பர். 1882-இல் டப்ளினில் கூடிய சிவப்புச் செட்டர் சங்கம் 1886-இல் இலட்சண வரையறையை ஏற்படுத்தியபோது, கருமையின் சாயையும் கூடாதென்று விலக்கியது; மார்பிலும் விரல்களிலும் நெற்றியிலும் சிறிது வெண்மை தென்பட்டால் மட்டும் மன்னித்தது. பழைய வெள்ளைச் செந்நிறக் குலத்துக்கு அந்தச் சிறு புள்ளிகளே ஞாபகச் சின்னமாக எஞ்சின. பாமர்ஸ்டனின் நெற்றியிலேயே அப்படி ஒரு வெண்கோடு இருந்தது.

அமெரிக்காவில் இந்தப் பிளவு இன்னும் ஆழமாயிற்று. 1875-இல் அங்கே சென்ற எல்கோ என்னும் ஐரிஷ் நாய் பெரும்புகழ் பெற்றது. அதன் மகனும் உள்நாட்டுச் செட்டர் பெட்டையின் வயிற்றிற் பிறந்ததுமாகிய ஜோ ஜூனியர், 1879-இல் அலபாமாவில் இரண்டு நாள் நடந்த பந்தயத்தில், அக்காலத்து இங்கிலீஷ் செட்டர் வீரனாகிய கிளாட்ஸ்டனைக் காடைகளைக் குறிகாட்டுவதில் 61-க்கு 52 என்ற கணக்கில் வென்றது. கலப்பில் வந்த அந்த வெற்றியின் பொருளை அன்று பலர் கருதவில்லை. களப்பரீட்சைகள் படிப்படியாக இங்கிலீஷ் செட்டரின் வசமாகிவிட, ஐரிஷ் செட்டரோ கம்பளத்தின்மேல் நடைபயிலும் நாயாகியது. 27 அங்குல உயரமும் 70 பவுண்டு எடையும் ஆண் நாய்க்கு அங்கே இலட்சணமாயின. முள்ளும் ஒட்டுப்புல்லும் சிக்கிக்கொள்ளும் நீண்ட மயிர், பட்டுத் திரைபோல் வயிற்றிலும் காலிலும் தொங்கியது. 1945-இல் ஜிம் கெல்கார்ட் எழுதிய ‘பிக் ரெட்’ என்னும் சிறுவர் நாவலும், 1962-இல் டிஸ்னியார் அதனைப் படமாக்கியதும் அந்நாயை வீடுதோறும் விரும்பவைத்தன. ஜனாதிபதி நிக்ஸன் மாளிகையிலும் ஒன்று வளர்ந்தது. அவருடைய முன்னோர் வாழ்ந்த அயர்லாந்துக் கிராமத்தின் பெயரால் அதற்குக் கிங் டிமாஹோ என்று பெயர். புகழ் பெருகப் பெருக, மூக்கைப் பற்றிக் கேட்பவர் அருகினர்.

இந்தச் சரிவைக் கண்டு வருந்தியவர்களுள் தலையாயவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த நெட் லெக்ராண்ட். வேட்டை நாய்களிலிருந்து ஐரிஷ் செட்டர் அடியோடு மறைந்துபோகும் என்றும், இங்கிலீஷ் செட்டரின் இரத்தத்தைக் கலந்தால்தான் பிழைக்கும் என்றும் 1940-களில் ஃபீல்டு அண்டு ஸ்ட்ரீம் பத்திரிகை எச்சரித்திருந்தது. லெக்ராண்ட் தம் கைப்பொருளைப் பெருந்தொகையாகச் செலவிட்டு, அமெரிக்காவில் எஞ்சியிருந்த வேலைநாய்களைத் தேடி வாங்கினார்; கடல் கடந்தும் சில நாய்களை வரவழைத்தார். 1950-களில் அவரும் அவருடைய நண்பர்களும் தேசிய சிவப்புச் செட்டர் களப்பரீட்சைச் சங்கத்தை நிறுவினர். 1874-இலிருந்து நடந்துவரும் ஃபீல்டு டாக் ஸ்டட் புக் என்னும் வமிசாவளிப் பதிவேட்டின் அனுமதியோடு, களத்தில் வென்ற செவ்வெண்ணிற இங்கிலீஷ் செட்டர்களைத் தங்கள் பெட்டைகளோடு சேர்த்தனர். முதல் ஈற்றில் அயல் இரத்தம் பாதி. அக்குட்டி மறுபடி சிவப்பு நாயோடு சேர்ந்தால் கால். அதற்கடுத்த ஈற்றில் அரைக்கால். இவ்வாறு அயல் இரத்தம் குறைந்துகொண்டே வர, ஒவ்வொரு ஈற்றிலும் மூக்கும் நிலையும் வாய்ந்த குட்டியையே தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டனர். உருவிற் சிறுத்து, மயிர் குறைந்து, வாலை வானோக்கி நிமிர்த்து நிற்கும் அந்த நாய்க்குச் சிவப்புச் செட்டர் என்ற பெயரே நிலைத்தது.

இதனைக் கண்காட்சியார் பொறுக்கவில்லை. அமெரிக்க ஐரிஷ் செட்டர் சங்கம் விண்ணப்பித்துக்கொள்ள, 1975-இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்தப் பதிவேட்டு நாய்களைத் தன் பதிவேட்டில் ஏற்பதை நிறுத்திவிட்டது. இரு திறத்தாரும் தூய்மை என்ற ஒரே சொல்லைக் கொண்டே வழக்காடினர் என்பது கவனிக்கத்தக்கது. ஒருவருக்குத் தூய்மை ஏட்டில் எழுதிய பெயர்களில் இருந்தது. மற்றவருக்கு அது புதரின்முன் நிற்கும் நிலையில் இருந்தது.

இதே காலத்தில் தாய்நாட்டிலும் வேறொரு மீட்பு நடந்துகொண்டிருந்தது. முதல் உலக யுத்தத்துக்குப்பின் வெள்ளைச் செந்நிற நாய் கண்ணிற் படுவதே அரிதாகிவிட்டது. கவுண்டி டவுனைச் சேர்ந்த பாலினாஹிஞ்ச் ஊரில் நோபல் ஹஸ்டன் என்னும் மதகுரு அவற்றைத் தேடிச் சேர்த்து வளர்த்தார். சங்கப் பதிவை நாடாத அவர், நாய்கள் ஈன்ற விவரங்களைத் திருச்சபை ஏடுகளிலேயே குறித்துவைத்தார் என்று அவ்வினத்தார் சொல்லிக்கொள்வதுண்டு. 1940-களில் திருமதி மோரீன் கடி அந்த வமிசத்தில் வந்த பெட்டையொன்றைப் பெற்றார். நோயுற்றுக் கிடந்த அதனைப் பிழைக்கவைத்து, அதன் வயிற்றில் பிறந்த ஜூடித் கன்னிங்ஹாம் ஆஃப் நோக்கல்லா என்ற நாயைக் கொண்டு குலத்தைத் தழைக்கச் செய்தார். 1944-இல் ஒரு சங்கமும் உண்டாயிற்று. பின்னர் 1970-களில், சிவப்புச் செட்டர் சங்கத்தாரே, தம்மால் மறைக்கப்பட்ட அந்த மூத்த குலத்தைப் பேணும் பொறுப்பை ஐரிஷ் கென்னல் கிளப்பின் வேண்டுகோளின்பேரில் மேற்கொண்டனர்.

மீட்பு இலவசமாகக் கிடைக்கவில்லை. சில நாய்களிலிருந்தே ஒரு குலம் முழுதும் பெருகும்போது, மறைந்து கிடந்த பிணிகளும் உடன் பெருகுகின்றன. இளம்பருவத்திலேயே சிவப்பு நாயின் கண்ணைக் குருடாக்கிய விழித்திரை நோய்க்கு ஒரு ஜீன் பழுதே காரணம் என்று 1993-இல் கண்டறிந்தனர். குட்டிகளின் இரத்த வெள்ளணுக்களை முடக்கிய மற்றொரு பிணி சிவப்பு, வெள்ளைச் செந்நிறம் என்னும் இரு குலங்களிலும் இருந்தது. சோதனை செய்து, பழுதைச் சுமக்கும் நாய்கள் இரண்டு ஒன்றோடொன்று சேராமற் காத்ததனால்தான் அவை அடங்கின. கண்காட்சியும் களமும் மீண்டும் ஓரளவேனும் கைகோப்பதற்குப் பிரிட்டனில் வகுத்த விதியும் இங்கே நினைக்கத்தக்கது: வேட்டை வேலையில் தகுதி காட்டாத நாய் எத்தனை கண்காட்சிப் பரிசு பெற்றாலும் ‘கண்காட்சி சாம்பியன்’ என்ற பட்டமே பெறும், அடைமொழியற்ற ‘சாம்பியன்’ பட்டத்துக்கு அது களத்துக்குச் சென்றே தீரவேண்டும்.

இவ்வளவையும் எண்ணிப் பார்க்கையில் பாமர்ஸ்டனிடமே மனம் திரும்புகிறது. வேலைக்கு உதவாதெனத் தள்ளப்பட்ட நாய் அது. ஆனால் லெக்ராண்ட் தேடி வாங்கிய வேலைநாய்களின் நாளங்களிலும் அதன் இரத்தமே ஓடியது. கம்பளத்தில் நடந்த நாய்களின் நாளங்களிலும் அதுவே ஓடியது. அந்த ஒரே மூலத்திலிருந்து ஒருவர் மயிரின் நீளத்தை எடுத்தார். மற்றொருவர் மூக்கின் கூர்மையை எடுத்தார். அடுத்த ஈற்றில் எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது என்று தீர்மானித்த கைகளே குலத்தின் கதியைத் தீர்மானித்தன. நீரில் அமிழ்த்தச் சொன்ன செசில் மூரும் ஒருவகையில் பிழை செய்யவில்லை: நாயை வேலையைக் கொண்டு அளந்தார். ஆனால் அந்த அளவுகோலைக் களத்துக்குக் கொண்டுபோய் வைக்காமல், தலையின் நீளத்தின்மேல் வைத்துவிட்டார்.