பாரிஸ் ரொட்டியும் ஈஸ்ட் வழக்கும்

பதினேழாம் நூற்றாண்டுப் பாரிஸில் ரொட்டி சுடுவோர் மாவைப் பொங்கவைக்க இரண்டு வழிகளைக் கையாண்டனர்: முதல் நாள் மாவில் ஒரு பிடியை எடுத்துவைத்துப் புதுமாவுடன் சேர்த்துப் பிசையும் பழைய புளிமாவு முறை ஒன்று, பீர் வடிக்கும் தொட்டிகளில் நுரையாகத் திரளும் ஈஸ்டைச் சேர்க்கும் முறை மற்றொன்று. பாலும் உப்பும் ஈஸ்டும் சேர்த்துச் சுட்ட, 'பேன் மொலே' எனப்பட்ட மென்ரொட்டியைச் செல்வர்கள் விரும்பி உண்டனர். ஆயினும் பீர் நுரை உடலுக்குக் கேடு என்ற ஐயம் வழக்காகவே முற்றியதால், 1668இல் பாரிஸ் மருத்துவப் புலத்திடம் கருத்துக் கேட்கப்பட்டது.

மருத்துவர்கள் இரு அணியாகப் பிரிந்தனர். பெரும்பான்மையோர் ஈஸ்ட் தீங்கானது என்றே கூறினர். புதுமைகளைச் சாடுவதில் பெயர்பெற்ற மருத்துவர் கீ பத்தாங் எதிர்ப்பாளர்களுள் ஒருவர். வாற்கோதுமையும் நீரும் அழுகுவதால் பிறக்கும் கசடு மனித உடலுக்கு எவ்வாறு ஒத்துவரும் என்பது அவ்வணியினரின் வாதம். ஈஸ்ட் எதிலிருந்து பிறக்கிறது என்பதிலேயே கருத்து ஊன்றிய இவ்வாதத்தில், உண்டவருக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வி பின்தங்கிவிட்டது. பாரிஸ் பார்லமென்ட், அதாவது சட்டமன்றமாக அன்றி உயர் நீதிமன்றமாக இயங்கிய அவை, 1670இல் ஒரு நடுவழியைக் கண்டது: நகரிலும் அதன் புறநகரிலும் எடுக்கப்பட்ட, கெடாத புது ஈஸ்டைப் புளிமாவுடன் கலந்து பயன்படுத்தலாம் என அது தீர்ப்பளித்தது. மருத்துவர்களின் கூற்றைவிட இத்தீர்ப்பே அறிவுக்கு நெருக்கமானது எனலாம்.

ஈஸ்ட் கசடு அன்று, உயிர் என்பதை 1837இல் கன்யார்-லத்தூர், ஷ்வான் முதலியோர் தனித்தனியே நுண்ணோக்கி வழியாகக் கண்டனர். 1857 முதல் பாஸ்தர் செய்த ஆய்வுகள் அதை நிலைநாட்டின. 1868இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தொடங்கிய ஃப்ளைஷ்மன் நிறுவனம் அழுத்திய ஈஸ்ட் கட்டிகளைப் பெருமளவில் விற்றது. 1920களில் மலச்சிக்கலுக்கும் பருவுக்கும் அவற்றை அப்படியே தின்னுமாறும் விளம்பரம் செய்தது. ஒரு காலத்தில் நஞ்சென்று ஒதுக்கப்பட்டது மருந்தென்று விற்கப்பட்டதைப் பாரிஸ் மருத்துவர்கள் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! 1983இல் வில்லியம் குரூக் எழுதிய நூல், களைப்பு முதல் தலைவலி வரை பற்பல தொல்லைகளுக்கும் ஈஸ்ட் வகையினதான கேண்டிடாவைக் காரணமாக்கி, ஈஸ்ட் சேர்ந்த உணவுகளை விலக்கச் சொன்னதும் பழைய அச்சம் மீண்டும் பரவியது. அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் கழகம் 1986இல் அக்கருத்தை மெய்ப்பிக்கப்படாத ஊகம் என்று மறுத்தது.

ஈஸ்ட் ஒத்துவரவில்லை என்போர் முதலில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். நோயெதிர்ப்பு மண்டலம் ஒரு பொருளைப் பகையாகக் கருதித் தாக்குவது ஒவ்வாமை. அவ்வாறின்றி, உணவு ஒத்துவராமல் வயிற்று உப்புசம் போன்ற தொல்லை தருவது ஏற்பின்மை. ரொட்டி ஈஸ்டுக்கு உண்மையான ஒவ்வாமை அரிது. ஏற்பின்மையை நிறுவ நம்பகமான இரத்தச் சோதனை இல்லை. இரத்தத்தில் ஐஜிஜி என்னும் எதிர்ப்புப்பொருளை அளக்கும், விற்பனையிலுள்ள சோதனைகளை ஐரோப்பிய ஒவ்வாமை வல்லுநர்கள் 2008இலேயே ஏற்க மறுத்தனர், ஏனெனில் அந்த எதிர்ப்புப்பொருள் ஓர் உணவை உண்டதற்கான அடையாளமே தவிர, அது கெடுதல் செய்ததற்கான சான்றன்று. ஐயத்திற்குரிய உணவைச் சில வாரங்கள் நீக்கி, தொல்லை குறைந்தபின் அதை மட்டும் மீண்டும் சேர்த்துப் பார்ப்பதே இன்றும் கையாளப்படும் முறை.

இம்முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. கடை ரொட்டியை விட்டுப் புளிமாவு ரொட்டிக்கு மாறி நலம் கண்டவர், ஈஸ்டே குற்றவாளி எனத் தீர்மானித்துவிடுகிறார். ஆனால் புளிமாவும் ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் கலவையே. கோதுமையிலுள்ள ஃப்ரக்டான் என்னும் சர்க்கரைத் தொடர் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலில் வாயுவாக மாறுவது. நீண்ட நேரப் புளிப்பில் அது பெருமளவு சிதைவதால் நலம் கிடைத்திருக்கலாம். ஈஸ்ட் சேராத சப்பாத்தியும் அவருக்குத் தொல்லை தந்தால் ஐயம் கோதுமையின் பக்கமே திரும்பும். அந்நிலையில், கோதுமைப் புரதமான குளூட்டன் குடலைச் சிதைக்கும் சீலியாக் நோய்க்கான சோதனையை, கோதுமையை உணவிலிருந்து விலக்கும் முன்பே செய்துகொள்ள வேண்டும். விலக்கிய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லையெனக் காட்டக்கூடும்.