நெடுந்தீவுக் குதிரையும் கடிவாளம் பிடித்த கையும்

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் நெருங்கிவர, இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலத்தில் அமைந்த கண்டக்குழி, வலையையும் வள்ளத்தையும் நம்பி வாழும் கிராமம். இந்தப் பிரதேசத்தின் தெருக்களிலும் பற்றைக்காடுகளிலும் இன்றும் எஜமானன் இல்லாமல் திரியும் கழுதைகள், அராபிய வணிகரோடு கப்பலேறி வந்தவற்றின் வம்சம் என்பது கரையோர மக்களிடையே வழங்கிவரும் ஐதிகம். மணலில் சக்கரம் புதையும். ஆகவே இங்கே பொதியைச் சுமந்தவை பிராணிகளின் முதுகுகளே. புத்தளத்து உப்பு மலைநாட்டுக்குப் போனதும் பொதிமாட்டுக் கூட்டங்களாகிய தவளங்களில்தான். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, கழுதைக்குக் கோலும் குரலும் என்று பிராணியைச் செலுத்தும் வித்தை இந்தக் கரையிலே நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. வாயினுள் இரும்பை வைத்து, அந்த இரும்பின் வழியாகத் தன் எண்ணத்தைப் பிராணிக்கு உணர்த்தும் கலை அந்நியமாகவே இங்கு வந்தது.

குதிரை இலங்கைக்குப் புதியதோ என்று ஐயுறுவோர், கண்டி இராச்சியத்தில் பல்லாண்டு சிறைப்பட்டிருந்து தப்பிய ராபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலைப் பார்க்கலாம். இந்நாட்டு விலங்குகளைக் கணக்கிட்டுச் சொல்லும் அவர், குதிரையையும் கழுதையையும் செம்மறியாட்டையும் இல்லாதவற்றின் வரிசையில் சேர்த்திருக்கிறார். அரசர்களிடம் குதிரைகள் இருந்தன என்பது மெய்யே. ஆனால் அவை கடல் கடந்து வந்த அருமைப் பொருள்கள், நாட்டில் பிறந்து பெருகியவை அல்ல. எதிர்க்கரைப் பாண்டிநாட்டின் நிலையும் அதுவே. பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் தென்னாட்டுத் துறைகளில் வந்திறங்கியதையும், ஒவ்வொன்றுக்கும் 220 பொற்காசுகள் விலையாகக் கொடுக்கப்பட்டதையும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதிவைத்தார். அவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் பராமரிக்கத் தெரியாமையால் விரைவிலே மாண்டன என்று மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். பொருள் கொடுத்து விலங்கைப் பெறலாம். அதை வைத்துக்கொள்ளும் அறிவையோ தலைமுறைகளின் அப்பியாசமே தரவேண்டும்.

அத்தகைய அப்பியாசம் இலங்கைத் தமிழர் நாட்டில் ஊன்றுவதற்கு இடமாயிருந்தது யாழ்ப்பாணத்தை அடுத்த தீவாகிய நெடுந்தீவு. போர்த்துக்கேயர் இங்கே ஆண் குதிரைகளையும் பெண் குதிரைகளையும் மேய விட்டனர். அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் அதனை முறையான குதிரைப் பண்ணையாக்கி, முருகைக் கல்லினால் லாயமும் மதில்களும் கட்டினர். யாழ்ப்பாணத்துக் கொமாண்டராயிருந்த ஸ்வார்தக்ரூன் 1697இல் தாம் இல்லாத காலத்தில் ஆட்சிச் சபையின் வழிகாட்டலுக்காக எழுதிவைத்த நினைவேட்டில், தீவுகளின் குதிரைகளும் கருத்துக்குரிய விஷயமாயின. புல் குறைந்து, கோடையில் நீரும் வற்றி, உப்புக் காற்று ஓயாமல் வீசும் அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்த குதிரைகள் உருவத்தால் சிறுத்தன. ஆனால் கல்லும் கரடுமான தரையில் நடப்பதற்கு அவற்றை மிஞ்ச உயர்சாதிக் குதிரையாலும் ஆகாது.

தேவை நேர்ந்தபோது இவற்றைக் கூட்டமாகத் துரத்தி ஓரிடத்தில் நெருக்கி, தோற்கயிற்றுச் சுருக்கை எறிந்து பிடித்தார்கள். பிறந்த நாள் முதல் மனித ஸ்பரிசம் அறியாத பிராணி, ஒரே பொழுதில் கழுத்திலே சுருக்கும் வாயிலே இரும்பும் ஏற்க நேர்ந்தது. அதன் பின்வரும் சில வாரங்களில் அதற்கு எப்படிப்பட்ட கை வாய்த்தது என்பதே, அது இருபது வருஷம் உழைக்குமா, இரண்டு வருஷத்தில் பயனற்றுப்போகுமா என்பதைத் தீர்மானித்தது. சரித்திர நூல்கள் கோட்டைகளையும் கொமாண்டர்களையும் நினைவில் வைக்கின்றன. குதிரைப் பண்ணையின் பலனோ அந்தக் கையிலேதான் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

கடிவாளத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். குதிரையின் தாடையில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஒரு வெளி உண்டு. நாக்கின் மேலும் அந்த வெளியின் மெல்லிய ஈற்றின் மேலும் படிந்தே கடிவாள இரும்பு தங்குகிறது. ஆண் குதிரைக்குப் பொதுவாக நாற்பது பற்கள். பெண் குதிரைக்கு அநேகமாக முப்பத்தாறு. ஆணுக்குரிய கோரைப்பற்கள் அந்த வெளியிலேயே முளைப்பதால் இரும்புக்கு எஞ்சும் இடம் இன்னும் சுருங்கும். குதிரையின் உடல் எவ்வளவு சிறுத்தாலும் பற்கள் அதே விகிதத்தில் சிறுப்பதில்லை; நாக்குத் தடித்தும் அண்ணம் தாழ்ந்தும் இருக்க, வாயினுள் வெற்றிடமே அரிதாகிவிடும். தடித்த இரும்பு அழுத்தத்தைப் பரப்புவதனால் மென்மையானது என்ற பொதுவிதி இங்கே பொய்க்கிறது. பெரிய குதிரைக்கு இதமான அதே கனம் சிறிய குதிரையின் வாயை அடைத்து, இமைப்பொழுதும் ஓயாத உபாதையாகிவிடும்.

நடுவில் ஒரே மூட்டுடைய இரும்பு, கடிவாள வாரை இழுத்தவுடன் மடிந்து, பாக்குவெட்டியின் இரு அலகுகள்போல நாக்கை நெருக்குகிறது. இரண்டு மூட்டுகளும் இடையிலே சிறு துண்டும் உடையது நாக்கின் மேல் சமமாகப் படியும். இலேசாக வளைந்த மூட்டில்லாத கம்பியைச் சில வாய்கள் அதனினும் விரும்பும். பக்கங்களில் நீண்ட புயங்களும் தாடைக்கடியில் சங்கிலியும் உடைய கடிவாளம் நெம்புகோல்போல் இயங்கி, கையின் சிறிய அசைவையும் பன்மடங்காக்கித் தருகிறது. வண்டிக் குதிரைகளுக்கு மேல்நாட்டார் பூட்டும் லிவர்பூல் கடிவாளத்தின் புயத்தில் வாரைக் கோப்பதற்குப் பல துளைகள் உண்டு. இரும்பின் மட்டத்திலேயே கோத்தால் அது சாந்தமானது, கீழே இறங்க இறங்கக் கடுமையானது. ஒரே கருவி தயையும் கொடுமையும் ஆகலாம்; தெரிவு வண்டியோட்டியினுடையது.

குதிரை மீது அமர்ந்தவனுக்குத் தொடையும் இருக்கையும் துணை செய்யும். வண்டியில் அமர்ந்தவனுக்கோ வார், சாட்டை, குரல் என்ற மூன்றே சாதனங்கள். பாரமான தோல்வாரின் எடையே சிறு குதிரையின் வாயில் எந்நேரமும் தொங்கும். மழையில் நனைந்தால் அதன் பாரம் மேலும் கூடும். ஆகவே சிறு குதிரைக்கு மெல்லிய வாரே பொருந்தும். பாரிஸ் நகரில் வண்டியோட்டக் கற்பித்த ஆங்கிலேயர் எட்வின் ஹௌலெட்டிடம் பயின்று, பென்னோ ஃபொன் ஆஹன்பாஹ் (1861–1936) ஒழுங்குபடுத்திய முறையில் இரு வார்களும் இடக்கையிலேயே இருக்கின்றன: இடது வார் சுட்டுவிரலின் மேலாகவும், வலது வார் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையிலாகவும் செல்ல, வலக்கை சாட்டையை ஏந்தியபடி உதவிக்கு வரும். திரும்பும்போது உட்புற வாரை வெடுக்கென்று இழுப்பதன்று, வெளிப்புற வாரைத் தேவையளவு விட்டுக்கொடுப்பதே இதன் உயிர்நாடி.

மூக்கணாங்கயிற்றைச் சுண்டி மாட்டைத் திருப்பிப் பழகிய கைக்கு இந்த விட்டுக்கொடுத்தல் எளிதில் வருவதன்று. மூக்கணாங்கயிறு இழுத்தபின் தளர்ந்துவிடும். குதிரை வாரோ தளராமலும் இறுகாமலும் இடைவிடாது உரையாடிக்கொண்டே இருக்கவேண்டும். ஓயாமல் இழுபடும் வாய் மரத்துப்போகும். மரத்த வாய்க்கு வண்டிக்காரன் மேலும் கடுமையான இரும்பைத் தேடுவான். அதனால் வாய் மேலும் மரத்துப்போகும்.

நெடுந்தீவுப் பண்ணையைப் பிரிட்டிஷார் சிறிதுகாலம் நடத்தி, பின் கைவிட்டனர். கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே 1832இல் தபால் குதிரைவண்டி ஓடத் தொடங்கியது. மணல் பூமியான கற்பிட்டிக்கோ களப்பும் ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்காலும் வழியாக வள்ளப் பிரயாணமே சௌகரியமாயிருந்தது. உலகின் மறுகோடியிலோ குட்டைக் குதிரைகளுக்கு வேறு வேலைகள் வாய்த்தன: பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரையும் நிலக்கரிச் சுரங்கத்தினுள் வேலைக்கு விடலாகாதென்று பிரிட்டன் 1842இல் சட்டம் இயற்றியபின், ஷெட்லாந்துத் தீவுகளின் குட்டைக் குதிரைகள் அவர்கள் இடத்தை நிரப்ப நிலத்தடிக்கு இறக்கப்பட்டன. இன்று அமெரிக்காவில், பிடரிமயிர் முடியும் இடத்தில் 34 அங்குலத்துக்கு மேற்படாதவற்றையே குறுங்குதிரை என்று ஒரு பதிவுச் சங்கம் ஏற்க, அவற்றை இலேசான வண்டிகளில் பூட்டி ஓட்டுகிறார்கள். நெடுந்தீவுக் குதிரைகளோ, 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நிலத்தில் சேணமின்றித் திரிகின்றன.

கண்டக்குழிக்குக் காற்றுப்பட்டம் பிடித்து அலைமேல் விளையாட வரும் வெளிநாட்டார் பெருகிவிட்டனர். அவர்களை ஏற்றிச் செல்ல யாரேனும் கழுதையையோ குட்டைக் குதிரையையோ வண்டியில் பூட்ட எண்ணினால், பூட்டுமுன் செய்யவேண்டியவை சில உண்டு. இரும்பை உடனே வாயில் வைக்கவேண்டியதில்லை. மெசப்பொத்தேமியாவின் ‘ஊர்’ என்னும் பண்டை நகரத்தில் கிடைத்த, சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட சித்திரப் பலகையில் கழுதையினப் பிராணிகள் மூக்கு வளையத்தால் செலுத்தப்படுகின்றன. வாயில் இரும்பின்றியும் வண்டி ஓடும் என்பதற்கு அது சான்று. வளையம் குத்தாமலே, மூக்கின் குறுக்கே அகன்ற தோல்பட்டை கட்டி, அதில் வாரைப் பூட்டி முதற்சில வாரங்கள் நடத்தலாம். பின் பற்களைப் பரிசோதித்து, மழுங்கிய மெல்லிய குச்சியொன்றை வாயின் குறுக்கே வைத்து, இரு உதட்டோரங்களிலும் அடையாளமிட்டு, அந்த அளவுக்குச் சிறிதளவே மிகுந்த இரும்பைத் தெரிந்தெடுக்கவேண்டும். பெரிய குதிரைக்குச் செய்ததை வாங்கி இவற்றுக்கு மாட்டுவது கூடாது.